நான் நீக்கிய நிலநடுக்கம்

கட்டடப் பொறியாளரிடம் ஜனங்கள் கேட்கும் கேள்விகளில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. "நம்ம பக்கம் நிலநடுக்கம் வந்தா அதிகபட்சம் எவ்வளவு சார் வரும்?" கேட்பவர்மேல் தப்பே இல்லை. கடன் வாங்கி வீடு கட்டுகிறவர், மோசமாகப் போனால் எதுவரை போகும் என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறார். நியாயமான கேள்விதான். எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் வேறு. ஒரு காலத்தில் அதற்கு என்னிடம் பதில் இருந்தது. 5.4. யோசிக்கக்கூட மாட்டேன், கேட்டவுடன் சொல்லிவிடுவேன். புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் இருந்ததாலோ என்னவோ, கேட்டவர்களும் நம்பினார்கள்.

நான் இந்தத் துறைக்கு வந்தது கில்லாரியால். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரியைச் சுற்றியிருந்த ஊர்கள் சரிந்தன. முந்தைய இரவு பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கிய ஜனங்கள். அளவு 6.2தான். ஆனால் கல்லையும் மண்ணையும் வைத்து எழுப்பிய கனமான சுவர்கள் அப்படியே ஆட்கள்மேல் விழுந்தன. இறந்தவர்கள் பத்தாயிரத்தை ஒட்டி. அன்றைக்கு நடைமுறையில் இருந்த ஐ.எஸ். 1893 என்ற நிலநடுக்க விதித்தொகுப்பின் வரைபடத்தில் அந்தப் பகுதி மண்டலம் 1. அதாவது நாட்டிலேயே ஆபத்து மிகக் குறைந்த இடம். தக்காணம் அசையாத பாறை என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய தலைமுறை எங்களுடையது. கில்லாரிக்குப் பிறகு பல்கலைக்கழகங்களில் நிலநடுக்க ஆய்வுக்குத் திடீரென்று மவுசு வந்தது. அந்த அலையில் வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

என் தலைப்பு, தமிழ்நாட்டையும் அதை ஒட்டிய பகுதிகளையும் எடுத்துக்கொண்டு அங்கே வரக்கூடிய மிகப் பெரிய நிலநடுக்கத்தின் அளவை மதிப்பிடுவது. கருவி, உச்ச மதிப்புப் புள்ளியியல். வெள்ளத்தைக் கணக்கிடுகிற நீரியல்காரர்களுக்கு இது பழகிய வித்தை. ஆற்றில் தினமும் ஓடும் தண்ணீரைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. ஒவ்வோர் ஆண்டும் வந்த மிகப் பெரிய வெள்ளத்தை மட்டும் தனியே எடுத்து, அந்த உச்சங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்ப்பார்கள். அதே வேலையை நிலநடுக்கத்துக்கும் செய்யலாம். 1966-இல் எப்ஸ்டீனும் லோம்னிட்ஸும் அதற்கு ஒரு மாதிரியே கொடுத்திருந்தார்கள்.

இதன் அடிப்படைக் கணிதம் 1928-இல் ஃபிஷரும் டிப்பெட்டும் கண்டது. மூலத் தரவு ஏறத்தாழ எந்த வகையாக இருந்தாலும், நிறையத் தொகுதிகளிலிருந்து உச்சத்தை மட்டும் பொறுக்கினால், அந்த உச்சங்கள் மூன்றே குடும்பங்களில் ஒன்றில்தான் போய்ச் சேரும் என்றார்கள். முதல் குடும்பத்தில் வளைகோட்டின் வால் மெலிந்துகொண்டே போகும், ஆனால் முடியாது. இதுதான் கும்பெல் பரவல். இரண்டாவதில் வால் தடிமனாக நீளும். மூன்றாவதில் ஓர் இடத்தில் வெட்டியது மாதிரி முடிந்துபோகும். அந்த முடிவுதான் உச்சவரம்பு. எது எந்தக் குடும்பம் என்பதை ஒரே ஓர் எண் தீர்மானிக்கிறது. அதை வடிவ எண் என்று வைத்துக்கொள்வோம். பூச்சியம் என்றால் முதல் குடும்பம், கூட்டல் என்றால் இரண்டாவது, கழித்தல் என்றால் மூன்றாவது. எனக்கு வேண்டியது மூன்றாவது. "அதிகபட்சம் இவ்வளவு" என்று எழுத முடிவது அதில் மட்டும்தான்.

தரவு சேர்ப்பதிலேயே ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதி போயிற்று. தென்னிந்தியாவில் ஓரளவு நம்பகமான கருவிப் பதிவுகள் 1960-களுக்குப் பிறகுதான். ஒரு பட்டியலில் ஓர் அளவுகோல், இன்னொன்றில் வேறு அளவுகோல். ஒரே நிலநடுக்கம் ஒரு பட்டியலில் 4.6 என்றும் மற்றதில் 5 என்றும் இருக்கும். சில ஆண்டுகளில் ஒரு பதிவும் இருக்காது. அந்த ஆண்டு நிலம் சும்மா இருந்ததா, கருவி சும்மா இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால், நம் பக்கம் பெரிதாக எதுவும் வராததுதான் என் ஆய்வுக்கு இருந்த மிகப் பெரிய சங்கடம். உச்சத்தைப் பற்றி எழுத வந்தவனுக்கு உச்சங்களே போதவில்லை.

பட்டியலில் தனியாக ஒன்று நின்றது. 1900 பிப்ரவரி 8, கோயம்புத்தூர். அளவு 6 வாக்கில். தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது, இந்த வட்டாரத்தின் வரலாற்றில் தெரிந்த பெரிய நிலநடுக்கங்களில் ஒன்று. கருவி அளந்த எண் அல்ல அது. எந்த ஊரில் எவ்வளவு குலுங்கியது, என்ன விரிசல் விட்டது என்ற விவரங்களிலிருந்து பின்னால் வந்தவர்கள் கணக்கிட்டது. அதைச் சேர்த்தால் 1900-இலிருந்து 1960 வரை பெரும்பாலும் வெற்று ஆண்டுகள். சேர்த்துப் பார்த்தேன். மற்றப் புள்ளிகள் எல்லாம் நல்ல பிள்ளைகளாக ஒரு வளைகோட்டில் உட்கார்ந்திருக்க, இது மட்டும் வலது மேல் மூலையில் தன்னந்தனியாக நின்று கோட்டைத் தன் பக்கம் இழுத்தது. வரம்பு எங்கேயோ போயிற்று.

நீக்கினேன்.

"கருவிப் பதிவு இல்லாதவை தவிர்க்கப்பட்டன" என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதினேன். அந்த வரி பொய் இல்லை. கருவிப் பதிவு இல்லாததும் உண்மை, வெற்று ஆண்டுகள் கணக்கைக் கெடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் வரலாற்றில் ஆங்காங்கே கிடைக்கிற பெரிய நிகழ்வுகளையும் பிற்காலத்து முழுமையான பதிவுகளையும் ஒன்றாகக் கையாள்வதற்கென்றே கிஜ்கோவும் செல்லெவோலும் 1989-இல் ஒரு முறை கொடுத்திருந்தார்கள். அந்தக் கட்டுரையின் ஜெராக்ஸ் என் மேசையில் இருந்தது. அதைச் செய்யாததற்குக் காரணம் கஷ்டம் இல்லை. செய்தால் அழகான விடை கிடைக்காது என்று தெரிந்திருந்தது.

நீக்கியபின் வந்த விடை உண்மையிலேயே அழகாக இருந்தது. வளைகோட்டின் மையம் 3.1, விரிவு 0.7, வடிவ எண் கழித்தல் 0.3. உச்சவரம்பு காண, கழித்தல் குறியை விட்டுவிட்டு, விரிவை வடிவ எண்ணால் வகுத்து மையத்தோடு கூட்ட வேண்டும். 0.7-ஐ 0.3-ஆல் வகுத்தால் 2.3 சொச்சம். 3.1-ஓடு கூட்டினால் 5.4. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் அதைக் கட்டம் கட்டிப் போட்டேன்.

கைடு சுருக்கமாகப் பேசுகிற மனிதர். வரைவைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "பிழை வரம்பு எங்கப்பா?"

"கொஞ்சம் அகலமா வருது சார். சரிபார்த்துப் போடறேன்."

போடவில்லை. முப்பத்துச் சொச்சம் ஆண்டு உச்சங்களை வைத்துக் கணக்கிட்டால் வடிவ எண்ணில் 0.1-க்கு மேலேயே பிசகு இருக்கும். அதை வரம்பில் கொண்டுவந்தால் பக்கத்தில் போடவே கூச்சமாக இருக்கிற எண் வருகிறது. கைடுக்கு அந்த வருடம் பல மாணவர்கள், அவர் மறந்தார். நான் நினைவுபடுத்தவில்லை. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கோயம்புத்தூர் நிலநடுக்கத்தைப் பற்றிக் கேட்டார். கருவிப் பதிவு இல்லாத கதையைச் சொன்னேன். தலையாட்டினார். டாக்டர் ஆனேன்.

எண் ஆய்வேட்டிலேயே கிடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. என் மனைவியின் அண்ணன் சென்னைப் புறநகரில் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். கீழே வண்டி நிறுத்தவும் பந்தி போடவும் சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும். அதற்கு மேல் மண்டபம், அதற்கும் மேல் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் அறைகள். வரைபடம் போட்ட பொறியாளர் கில்லாரியைப் பார்த்து வந்த கவனமான ஆள். கீழ்த்தளத் தூண்களின் தலையிலும் காலிலும் ரிங்குகளை நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகப் போடச் சொல்லியிருந்தார். நிலம் ஆடும்போது தூணின் உள்ளே இருக்கும் கான்கிரீட் நொறுங்கி வெளியே வராமல் பிடித்துக்கொள்வது இந்த ரிங்குகள்தான். நெருக்கமாக இருந்தால் தூண் வளையும், உடனே முறியாது. கம்பி கட்டுகிறவர்களுக்கு இது பிடிக்காத வேலை. ரிங் நெருங்கினால் கான்கிரீட் இறங்காது, கூலி கட்டாது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் என்னைக் கூப்பிட்டார். "மாப்ளே, இதுல டாக்டரு நீங்கதானே. இவ்வளவு ரிங் தேவையா? இன்னொருத்தர் எட்டு அங்குலம் போதும்ங்கிறாரே?"

அன்றைய விதிப்படி சென்னை மண்டலம் 2. இந்த நெருக்கமான ரிங் அமைப்பைச் சொல்லும் ஐ.எஸ். 13920 அந்த மாதிரிக் கட்டடத்துக்குக் கட்டாயம் இல்லை. அதை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். வீட்டு மாப்பிள்ளை, அதுவும் புது டாக்டர். கடிதமே எழுதிக் கொடுத்தேன். இந்த வட்டாரத்தில் எதிர்பார்க்கக்கூடிய அதிகபட்ச நிலநடுக்கம் 5.4 என்று ஆய்வில் நிறுவப்பட்டுள்ளது, ஆகவே வழக்கமான அமைப்பு போதும் என்று. பொறியாளர் அதை வாங்கிப் படித்தார், மறுபேச்சுப் பேசவில்லை. எட்டு அங்குலத்தில் ரிங் கட்டி, கான்கிரீட்டும் போட்டாயிற்று. மிச்சமான கம்பியின் விலை, மண்டபத்துக்கு வாங்கிய ஜெனரேட்டரின் விலையில் கால்பங்குகூட வராது.

திறப்பு விழாப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார் மச்சான்.

2001 ஜனவரி 26-இல் பூஜ் நிலநடுக்கம். அளவு 7.7. மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிகள் விழுந்தன. விழுந்தவற்றில் பல, கீழே வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் விட்டுக் கட்டியவை. மேல்தளங்கள் அப்படியே கீழ்த்தளத்தின்மேல் உட்கார்ந்திருந்த படங்களைப் பத்திரிகைகளில் பார்த்தேன். மண்டபம் நினைவுக்கு வரத்தான் செய்தது. "அது கட்ச். மண்டலம் 5. 1819-லயே பெரிசா வந்த இடம்" என்று மனைவியிடம் விளக்கினேன். அவள் கேட்கவே இல்லை, நானாகத்தான் விளக்கினேன்.

அதே ஆண்டு செப்டம்பர் 25. இரவு எட்டரை மணி வாக்கில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். முதலில் சமையலறையில் எவர்சில்வர் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். பூனை என்று நினைத்தேன். அப்புறம் என் முன்னால் இருந்த டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. நாற்காலிக்கு அடியில் யாரோ நகர்ந்த மாதிரி இருந்தது. சில விநாடிகள்தான். தெருவில் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது, மாடிவீட்டுக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்கள். நிலநடுக்கத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய நான் கையில் சோற்றோடு எழுந்து நின்றுகொண்டிருந்தேன். "உங்க 5.4-தானா இது?" என்றாள் மனைவி. கிண்டலாகத்தான் கேட்டாள்.

புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்குள் மையம். அளவு 5.5.

முதலில் நான் செய்தது தற்காப்பு. 0.1தானே வித்தியாசம்? அளவீட்டிலேயே அவ்வளவு பிசகு வருமே? நெருக்கமாகத்தானே சொல்லியிருக்கிறேன்? ஒரு முழு நாள் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் இரவு எல்லோரும் தூங்கியபின் பழைய கோப்பைத் திறந்தேன். புது நிலநடுக்கத்தைச் சேர்த்தால் 5.4 என்பது 5.6 ஆகும், அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டுதான் கணினியை ஓடவிட்டேன்.

6.6 வந்தது.

தட்டச்சுப் பிழையோ என்று பார்த்தேன். இல்லை. ஒரே ஒரு புள்ளி சேர்ந்ததில் வடிவ எண் கழித்தல் 0.3-இலிருந்து கழித்தல் 0.2-க்கு நகர்ந்திருந்தது. 0.7-ஐ 0.2-ஆல் வகுத்தால் 3.5. 3.1-ஓடு கூட்டினால் 6.6. சரி. கணக்கு சரி. கை தானாக அடுத்ததைச் செய்தது. கோயம்புத்தூரை மீண்டும் சேர்த்தேன். இந்த முறை கிஜ்கோ முறைப்படி வெற்று ஆண்டுகளை எல்லாம் பார்க்கவில்லை, பழைய முரட்டு வழியிலேயே சேர்த்தேன். கழித்தல் 0.1. அப்படியானால் 0.7-ஐ 0.1-ஆல் வகுத்து 7. வரம்பு 10.1. உலகத்தில் கருவி பதிவுசெய்த மிகப் பெரிய நிலநடுக்கம் 1960-இல் சிலியில் வந்தது, 9.5. தமிழ்நாட்டுக்கு நான் அதைவிடப் பெரியதை அனுமதித்திருந்தேன். அப்புறம் இரண்டையும் எடுத்துவிட்டு, மிச்சமிருந்தவற்றில் பெரியதாக ஒன்றையும் எடுத்தேன். 5.0. இன்னும் எதையோ மாற்றினேன், வடிவ எண் கூட்டலாக மாறியது. வரம்பே இல்லை என்றது கணினி.

விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. 5.0, 5.4, 6.6, 10.1, முடிவிலி. ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே நிலத்தின் கணக்கு. பூமிக்கடியில் எதுவும் மாறவில்லை, நான் எதைச் சேர்க்கிறேன், எதை விடுகிறேன் என்பது மட்டும் மாறியது. அப்படியானால் ஆய்வேட்டில் கட்டம் கட்டிப் போட்டிருந்த எண் பாறையிலிருந்து வந்தது இல்லை. எனக்கு எந்த விடை பிடித்திருந்தது என்பதிலிருந்து வந்தது. தாளைக் கிழித்துப் போடத் தோன்றியது. மடித்து ஆய்வேட்டுக்குள்ளேயே வைத்தேன்.

ஏன் இப்படி ஆகிறது என்பது புரிய ஒன்றும் பெரிய கணிதம் வேண்டியதில்லை. 1944-இல் குட்டன்பெர்க்கும் ரிக்டரும் சொன்ன விதி ஒன்று உண்டு. அளவு ஒன்று ஏறினால் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறையும். இந்த விதி கடைசிவரை அப்படியே நீண்டால், ஆண்டு உச்சங்கள் கச்சிதமாக முதல் குடும்பத்தில், கும்பெல் பரவலில் விழும். அதற்கு முடிவு கிடையாது. நிஜத்தில் பிளவு எதுவும் முடிவில்லாத நீளம் இல்லை என்பதால் விதி எங்கோ ஓர் இடத்தில் முறியத்தான் வேண்டும். ஆனால் அந்த இடத்தை ஒட்டி வந்த நிலநடுக்கங்கள் பல பட்டியலில் இருந்தால்தான் முறிவு கண்ணுக்குத் தெரியும். டீக்கடை பெஞ்சில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் உயரத்தைக் குறித்துவிட்டு, மனிதன் அதிகபட்சம் இவ்வளவு உயரம்தான் வளர்வான் என்று அறிவிக்கிற வேலையைத்தான் நான் செய்திருந்தேன். அதிலும் நெட்டையாக வந்த ஒருவரைக் கணக்கில் விட்டுவிட்டு.

இதைவிட வெட்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. 1977-இல் நாபாஃப், காகன் என்ற இரண்டு பேர், உச்ச மதிப்பு முறையை நிலநடுக்கத்துக்குப் பயன்படுத்துவதில் உள்ள ஓட்டைகளை விவரமாக எழுதியிருந்தார்கள். உச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றப் பதிவுகளைத் தூக்கி எறிவதால் கையிலிருக்கும் தகவலே வீணாகிறது என்பது அதில் ஒன்று. அந்தக் கட்டுரை என் ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலில் இருக்கிறது. வேறொருவர் பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டது. படித்தது 2001 அக்டோபரில்.

அப்போதுதான் கும்பெல் என்ற ஆளைப் பற்றியும் படித்தேன். அதுவரை எனக்கு அது ஒரு வரைபடத் தாளின் பெயர். எமில் கும்பெல் ஜெர்மானியக் கணிதவியலாளர். முதல் உலகப் போருக்குப் பின் தன் நாட்டில் நடந்த அரசியல் கொலைகளை ஒவ்வொன்றாக எண்ணி 1922-இல் புத்தகமாகப் போட்டார். வலதுசாரிகள் செய்தவை 354, இடதுசாரிகள் செய்தவை 22. தண்டனையோ தலைகீழாக இருந்தது. அந்த எண்களையும் அவருடைய மற்றப் பேச்சுகளையும் பொறுக்காதவர்கள் விடாமல் துரத்த, 1932-இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. பிரான்சுக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் போய், 1958-இல் உச்ச மதிப்புகளைப் பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டார். வேலை போனாலும் ஓர் எண்ணைக்கூட மறைக்காதவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, வேலைக்காக ஓர் எண்ணை மறைத்தவன் நான்.

கைடிடம் போய்ச் சொன்னேன். கத்துவார் என்று பயந்திருந்தேன். "எழுதிக் கொடு, லைப்ரரி காப்பியில் ஒட்டச் சொல்றேன்" என்றார். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன், ஒட்டினார்கள்.

மச்சானிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மண்டபத்தின் அலுவலக அறையில் உட்காரவைத்து, காபி சொல்லிவிட்டு, முழுக்கக் கேட்டார்.

"அப்போ பெருசா வரும்ங்கிறீங்களா மாப்ளே?"

"வரும்னு சொல்லல மச்சான். இதுக்கு மேல வராதுன்னு சொன்னேன் பாருங்க, அதைச் சொல்ல எனக்கு வழி கிடையாதுன்னு சொல்றேன்."

"அதைத் தெரிஞ்சிக்கத்தானே பி.எச்.டி. பண்ணீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. காபி வந்தது, குடித்தோம்.

கான்கிரீட் போட்ட தூணுக்குள் ரிங்கைச் செருக முடியாது. வெளியே புதுக் கம்பி கட்டி, இன்னொரு சுற்று கான்கிரீட் போட்டுத் தூணையே தடிமனாக்க வேண்டும். அதற்கு மண்டபத்தை மூட வேண்டும். முகூர்த்த மாதங்களில் மூடச் சம்மதிக்கவில்லை. ஆடியில் மூடினார். செலவில் பாதியை நான் ஏற்பதாகச் சொன்னேன். வேளச்சேரிப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றேன். அந்த மனை இன்று என்ன விலை என்பதை என் மனைவி ஆண்டுக்கொரு முறை விசாரித்து வந்து சொல்கிறாள். வேலையும் முழுசாக நடக்கவில்லை. ஆவணி பிறந்துவிட்டது, பந்திக்கு இடம் குறைகிறது என்று சொல்லி நடுவரிசைத் தூண்களை அப்படியே விட்டுவிட்டார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். பார்க்கவில்லை. அவர் மகன் கல்யாணப் பத்திரிகை வந்தபோது என் பெயர் உரிய இடத்தில் இருந்தது. டாக்டர் மட்டும் இல்லை.

2002-இல் ஐ.எஸ். 1893 திருத்தப்பட்டது. மண்டலம் 1 என்பதே நீக்கப்பட்டது, சென்னை மண்டலம் 3-க்கு ஏறியது. நான் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்த ரிங்குகள், அந்த ஊரில் கட்டும் அடுக்குக் கட்டடங்களுக்கு விதியாகிவிட்டன.

உச்சவரம்பு விஷயத்தில் ஏமாந்தது நான் மட்டும் இல்லை என்று பின்னால் பார்த்தேன். கடலடித் தட்டுகளின் வயதையும் வேகத்தையும் வைத்து எங்கே எவ்வளவு பெரிய நிலநடுக்கம் வரும் என்று 1980-இல் ஒரு செல்வாக்கான விளக்கம் வந்திருந்தது. அதன்படி சுமத்ரா-அந்தமான் பகுதி 9-ஐத் தொடக்கூடிய இடம் இல்லை. 2004 டிசம்பர் 26-இல் அங்கே 9.1 வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 பேர் போனார்கள். 2011 மார்ச் 11-இல் ஜப்பானின் வடகிழக்குக் கரையில் அவ்வளவு கவனமான நாடு எதிர்பார்த்திராத 9 வந்தது. ஃபுகுஷிமா அணு உலைக்கு 2002-இல் மறுமதிப்பீடு செய்து வைத்திருந்த சுனாமி உயரம் 5.7 மீட்டர், வந்தது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். செண்டாய் சமவெளியின் மண்ணில் 869-ஆம் ஆண்டு ஜோகன் சுனாமி கொண்டுவந்து போட்ட மணல் படிவம் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அதைத் தோண்டி எடுத்து எழுதியும் இருந்தார்கள். கணக்கில் சேர்க்கத் தாமதமாயிற்று. அதைப் படித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை. எனக்கும் 1900 என்று ஒன்று இருந்ததே என்றுதான் தோன்றியது.

அதே 2011-இல் ஹோல்ஷ்னைடர் என்பவரும் கூட்டாளிகளும் இதைக் கணிதமாகவே எழுதி வைத்தார்கள். பட்டியலை மட்டும் வைத்து உச்சவரம்பைக் கேட்டால், பிழை வரம்பின் மேல்முனை பெரும்பாலும் முடிவிலிக்கே போகும் என்று. கைடு கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். அன்றைக்கே என் கணினியும் சொன்னது.

இன்றும் இந்த வேலைதான் செய்கிறேன். உச்ச மதிப்புப் புள்ளியியலையும் விட்டுவிடவில்லை. அதனிடம் கேட்கத் தகுந்த கேள்வி வேறு: ஐம்பது ஆண்டில் பத்துச் சதவீத வாய்ப்போடு தாண்டக்கூடிய அளவு எது? இதற்கு அது ஓரளவு நாணயமாகப் பதில் சொல்லும். 475 ஆண்டுக்கு ஒருமுறை என்று விதிகளில் வருவது இந்தக் கணக்குதான். எப்போதும் அதிகபட்சம் எது என்று கேட்டால், பிளவுகளின் நீளத்தை நிலவியலாளரிடம் கேட்கிறேன், பழைய பதிவுகளைப் பார்க்கிறேன், ஒரே எண்ணாகச் சொல்லாமல் இங்கிருந்து இதுவரை என்று எழுதுகிறேன். எதைச் சேர்த்தேன், எதை விட்டேன், விட்டதைச் சேர்த்தால் விடை எவ்வளவு மாறும் என்று ஒரு பக்கம் தனியாக இணைக்கிறேன். வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கத்தை விரும்புவதில்லை. "ஒரு நம்பர் சொல்லுங்க சார்" என்பார்கள். சிலர் ஒரு நம்பர் சொல்கிற ஆளிடம் போய்விடுகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன், கடற்கரை ஓரத் திட்டம் ஒன்றின் அறிக்கை கருத்துக் கேட்டு என்னிடம் வந்தது. மூன்றாவது அத்தியாயத்தில், இந்த வட்டாரத்தின் அதிகபட்ச நிலநடுக்கம் 5.4 என்று என் ஆய்வேட்டை மேற்கோள் காட்டியிருந்தார்கள். லைப்ரரி காப்பியில் ஒட்டிய தாளை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. 6-க்கும் 5.4-க்கும் இடையே வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ எட்டு மடங்கு வித்தியாசம் என்று ஓரத்தில் எழுதி, அந்த ஆய்வேட்டை நம்ப வேண்டாம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். என் பெயரும் ஆய்வேட்டின் ஆசிரியர் பெயரும் ஒன்றாக இருப்பதைக் கவனித்துத் திட்டக்காரர் போனில் கூப்பிட்டு, "சார், இது உங்க சொந்தக்காரரா?" என்று கேட்டார்.

மண்டபம் நன்றாக நடக்கிறது. வைகாசியில் நாள் கிடைப்பதே கஷ்டம் என்கிறார்கள். நடுவரிசைத் தூண்கள் எட்டு அங்குல ரிங்கோடுதான் நிற்கின்றன. இதுவரை அவற்றுக்கு எதுவும் ஆகாததற்குக் காரணம் பெரிதாக எதுவும் வராததுதான். என் கணக்குக்கு அதில் பங்கு எதுவும் இல்லை.